வரிக்கு முன்னால் ஒரு ஹேஷ்

கோபம் ஆறிய பிறகு எழுது, அப்போதுதான் நிதானமாக வரும் என்று எனக்கு ஒருத்தர் யோசனை சொன்னார். ஆறட்டும் என்று காத்திருந்தால் இந்த ஜென்மத்தில் எழுத முடியாது. இத்தனை வருஷமாக ஆறாதது இனிமேலா ஆறப்போகிறது? அதனால் கோபத்தோடேயே எழுதுகிறேன். படிக்கிறவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாயிரம் பிறந்து மூன்று நான்கு வருஷம் ஆகியிருந்த சமயம். ஒரகடம் போகிற ரோட்டில், கார்களுக்கு பிரேக் பைப் செய்துகொடுக்கும் ஒரு தொழிற்சாலையில் நான் ட்ரெய்னியாக இருந்தேன். குன்றத்தூரில் லேடீஸ் ஹாஸ்டல். காலையில் ஆறரை மணிக்கு கம்பெனி வேன் வரும். ஒரு நிமிஷம் தாமதமானாலும் டிரைவர் ஹாரனை அழுத்திப் பிடித்துக்கொண்டு தெருவையே எழுப்பிவிடுவார். தலைமுடி காயாமல், கையில் பாதி இட்லியோடு ஓடிப்போய் ஏறுவோம்.

எனக்குச் சாத்தூர் பக்கம். எங்கள் ஊரில் தீப்பெட்டி செய்கிற இடத்துக்கு 'தீப்பெட்டி ஆபீஸ்' என்று பெயர். பெயரில்தான் ஆபீஸ். உள்ளே போனால் தரையில் உட்கார்ந்து நாள் முழுக்கக் குச்சி அடுக்க வேண்டும், பெட்டி ஒட்ட வேண்டும். அம்மா அங்கேதான் வேலை பார்த்தாள். பள்ளிக்கூட லீவு நாட்களில் நானும் அடுக்கியிருக்கிறேன். மருந்து நெடி தலைமுடியில் ஏறிக்கொண்டால் இரண்டு முறை சீயக்காய் போட்டாலும் போகாது. கம்ப்யூட்டர் டிப்ளமோ முடித்து வடக்கே பஸ் ஏறிய அன்றைக்கே, இனி அந்த நெடிக்குத் திரும்புவதில்லை என்று முடிவு கட்டிக்கொண்டேன். ஆனால் ட்ரெய்னிக்கு மூன்று வருஷம்தான் ஆயுள். அதற்குள் பர்மனென்ட் ஆர்டர் கைக்கு வராவிட்டால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

எனக்கு வேலை பைப் செய்கிற லைனில் இல்லை, கண்ணாடி ரூமில். ஒவ்வொரு பைப்பையும் காற்றடைத்துக் கசிவு பார்க்கிற மெஷின், அதன் கணக்கை வரிசை எண்ணோடு எங்கள் ரூமில் இருந்த சர்வருக்கு அனுப்பும். பின்னால் என்றைக்காவது ஒரு கார் பிரேக் பிடிக்காமல் போனால், அந்த பைப் எந்தத் தேதியில் எந்த ஷிஃப்டில் செய்தது, டெஸ்டில் என்ன வந்தது என்று கேட்பார்கள். அதற்காக எல்லா ரெக்கார்டையும் வருஷக்கணக்கில் வைத்திருக்க வேண்டும். காசு கொடுக்காமல் கிடைக்கிறது என்பதால் அந்த சர்வரில் லினக்ஸ் போட்டிருந்தார்கள். கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து. அதைப் பார்த்துக்கொள்ள இரண்டு ட்ரெய்னிகள். ஒன்று நான், இன்னொன்று அவள்.

அவள் உள்ளூர், வடக்குப்பட்டுப் பக்கம். கம்பெனி நின்ற இடத்தில் ஒரு பகுதி அவர்கள் வீட்டு நிலமாக இருந்ததுதான். கேன்டீன் இருந்த இடத்தில் வேர்க்கடலை போடுவோம் என்று முதல் நாளே சொன்னாள். நிலம் வாங்கும்போது வீட்டுக்கு ஒரு வேலை என்று பேச்சு இருந்ததாம். அண்ணன் படிக்கவில்லை என்று ஒதுக்கிவிட்டு இவளை ட்ரெய்னியாக எடுத்தார்கள். நான் பேசுவதைக் கேட்டு அவள் சிரிப்பாள், அவள் பேசுவதைக் கேட்டு நான் சிரிப்பேன். ஒரு மாதத்தில் ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிட ஆரம்பித்துவிட்டோம். ஞாயிற்றுக்கிழமை ஹாஸ்டலுக்கு வருவாள். என் டிரங்குப் பெட்டியில் அடியில் நியூஸ்பேப்பர் விரித்திருப்பேன். அதற்கு அடியில் அம்மா போட்ட கடிதங்கள் இருக்கும். அதை எடுத்துப் படிக்கிற உரிமை அவள் ஒருத்திக்குத்தான் இருந்தது. தீப்பெட்டி ஆபீஸ் பற்றி நான் முழுசாகச் சொல்லி அழுததும் அவளிடம் மட்டும்தான். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

எங்களுக்கு மேலே குவாலிட்டி இன்சார்ஜ். கம்ப்யூட்டர் ரூமும் அவர் பொறுப்பில்தான் இருந்தது. கெட்டவர் இல்லை. கையெழுத்துப் போடுவதைத் தவிர வேறெதிலும் தலையிடமாட்டார். ஆயுத பூஜைக்குப் பிறகு கண்ணாடி ரூமுக்கு ஒரே ஒரு ஆளை பர்மனென்ட் பண்ணப்போகிறோம் என்று அவர்தான் எங்கள் இரண்டு பேரையும் நிற்க வைத்துச் சொன்னார். ஒரே ஒரு ஆள். வெளியே வந்ததும் அவள் என் கையைப் பிடித்து, யாருக்குக் கிடைத்தாலும் மற்றவள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ளக் கூடாது என்றாள். நான் சரி என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

இப்போது அந்த டிஸ்க் கதை. சர்வரில் முதலில் இருந்த டிஸ்க் ரொம்பச் சின்னது. ரெக்கார்டு நிரம்பிவிட்டதால் இன்னொரு பெரிய டிஸ்க் வாங்கிப் போட்டார்கள். சென்னையிலிருந்து வந்து மாட்டியவர் பழைய ரெக்கார்டை எல்லாம் அதற்கு மாற்றினார். அப்புறம் ஒரே ஒரு கட்டளையை அடித்து அந்தப் புது டிஸ்க்கை ரெக்கார்டு ஃபோல்டரோடு சேர்த்துவிட்டு, டீ குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டார். அதைத்தான் மவுன்ட் பண்ணுவது என்பார்கள். அவர் செய்தது அந்த ஒரு தடவைக்கு மட்டும்தான். கம்ப்யூட்டர் ஒருமுறை நின்று திரும்பவும் எழுந்தால் சேர்த்ததெல்லாம் போய்விடும். ஃபோல்டர் இருக்கும், உள்ளே வெறுமையாக இருக்கும். டிஸ்க் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும், யாரும் கூப்பிடவில்லையே என்று.

அந்த நாட்களில் ஒரகடம் பக்கம் கரண்ட் போவது வழக்கமான விஷயம். யூபிஎஸ் பேட்டரியும் பழசு. வாரத்துக்கு இரண்டு தடவையாவது சர்வர் விழும். எங்களைக் கேன்டீனிலிருந்து, பாத்ரூமிலிருந்து, போகிற வேனை நிறுத்திக்கூட இறக்கிக் கூட்டிக்கொண்டு போவார்கள். போய் உட்கார்ந்து அந்த ஒற்றைக் கட்டளையை அடிப்போம். ரெக்கார்டு வந்துவிடும். சுற்றி நிற்கிற லைன் ஆட்கள் நாங்கள் ஏதோ ஆபரேஷன் பண்ணி உயிரைக் காப்பாற்றியது போல் பார்ப்பார்கள். அவளுக்கு அது பிடித்திருந்தது. எனக்கு எரிச்சல். ஒரு மெஷின் தூங்கி எழுந்ததும் தன் பையைத் தானே எடுத்து மாட்டிக்கொள்ளாதா?

மாட்டிக்கொள்ளும். அதற்கு ஒரு பட்டியல் இருக்கிறது. சர்வர் எழுந்திருக்கும்போதெல்லாம் எந்த டிஸ்க்கை எந்த ஃபோல்டரோடு சேர்க்க வேண்டும் என்று பார்த்துக்கொள்கிற ஒரு சின்னக் கோப்பு. எஃப்எஸ்டேப் என்று பெயர். அதில் ஒரு டிஸ்க்குக்கு ஒரு வரி, ஒரு வரியில் ஆறு கட்டம். எந்த டிஸ்க், எந்த ஃபோல்டர், டிஸ்க் எந்த வகை, என்ன நிபந்தனை, கடைசியில் இரண்டு எண்கள். யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. அந்த மெஷினுக்குள்ளேயே இருந்த இங்கிலீஷ் குறிப்பை, மூன்று வாரம் மத்தியான வேளைகளில், பக்கத்தில் அகராதியை வைத்துக்கொண்டு படித்தேன். டைரியில் அந்த வரியைப் பத்து தடவையாவது எழுதிப் பார்த்திருப்பேன்.

முதல் தடவை தப்பாகிவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைம் பார்க்க வந்திருந்தோம். வரியைப் போட்டேன், ரீபூட் கொடுத்தேன். டிஸ்க்கின் பெயரில் ஒரு எழுத்து மாறிவிட்டிருந்தது போல. சர்வர் பாதியில் நின்றுகொண்டு, ரூட் பாஸ்வேர்டு கொடு, சரிசெய், இல்லாவிட்டால் நகரமாட்டேன் என்றது. பாஸ்வேர்டு கொடுத்து உள்ளே போனால் கோப்பைத் திருத்தவும் விடவில்லை, படிக்க மட்டும்தான் அனுமதி என்றது. முதுகில் வேர்வை வழிகிறது எனக்கு. அந்த நேரம் பார்த்து இன்சார்ஜ் ஷெட்டுக்குள் வருகிறார்.

அவள்தான் ஓடினாள். லைனில் ஒரு பைப்பின் அளவு சரியில்லை, வந்து பாருங்கள் சார் என்று அவரை அந்தக் கடைசிக்குக் கூட்டிக்கொண்டு போய் அரைமணி நேரம் நிறுத்தி வைத்தாள். ஒரு நல்ல பைப்பையே திரும்பத் திரும்ப அளக்க வைத்தாள் என்று அப்புறம் சொல்லிச் சிரித்தாள். அந்த அரைமணியில் நான் குறிப்பைப் புரட்டி, கோப்பைத் திருத்துவதற்கு வழி கண்டுபிடித்து, எழுத்தைச் சரிசெய்து, திரும்ப ரீபூட் கொடுத்தேன். எழுந்தது. யாரும் எதையும் அடிக்காமல், டிஸ்க் தானாக வந்து ஃபோல்டரில் உட்கார்ந்தது. ஆயிரக்கணக்கான ரெக்கார்டு. அவள் வந்ததும் கட்டிப்பிடித்துக்கொண்டேன். அந்த வரி எங்கே இருக்கிறது, எப்படித் திறப்பது, எப்படி எழுதுவது என்று அன்றைக்கே அவளுக்குக் காட்டிக்கொடுத்தேன். சர்வரில் எதையும் மாற்ற விடுகிற அந்த ரூட் பாஸ்வேர்டு எங்கள் இரண்டு பேருக்குத்தான் தெரியும். இரண்டு பேர் ஊர்ப் பெயரிலிருந்தும் பாதிப் பாதி எடுத்துச் சேர்த்த பாஸ்வேர்டு.

அதற்குப் பிறகு நான்கைந்து தடவை கரண்ட் போயிருக்கும். ஒவ்வொரு தடவையும் சர்வர் தானாகவே சரியாகிவிட்டது. எங்களை யாரும் கேன்டீனிலிருந்து கூப்பிடவில்லை. புது யூபிஎஸ் வந்த பிறகு சர்வர் விழுவதே இல்லை. ஏன் விழவில்லை, ஏன் கூப்பிடவில்லை என்று யாரும் கேட்கவும் இல்லை.

ஆயுத பூஜை வந்தது. எங்கள் தொழிற்சாலையில் அது பெரிய விசேஷம். மெஷின் எல்லாவற்றையும் நிறுத்தி, எண்ணெய் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, கேட்டில் பூசணிக்காய் உடைத்து, எல்லோருக்கும் பொரிகடலை கொடுப்பார்கள். பிளான்ட் மேனேஜருக்கு ஒரு பிடிவாதம். வருஷம் முழுக்க உழைத்த எந்த மெஷினும் அன்றைக்கு ஓடக் கூடாது, பூஜைக்கு முன்னால் எல்லா ஸ்விட்சும் அணைந்திருக்க வேண்டும். சர்வரும் மெஷின்தானே என்பார். அதனால் வருஷத்தில் ஒரே ஒரு நாள், யூபிஎஸ் இருந்தும், எங்கள் கையாலேயே சர்வரை அணைக்க வேண்டும். பூஜை, மறுநாள் விஜயதசமி லீவு, அதற்கும் மறுநாள்தான் திரும்பப் போடுவார்கள்.

நான் அந்த முறை ஊருக்குப் போக ஒரு வாரம் லீவு கேட்டிருந்தேன். இன்சார்ஜ் தயங்கினார். சர்வரைத் திரும்பப் போடும்போது நீ வேண்டாமா என்றார். அப்போதுதான் நான் வாயைத் திறந்தேன். பெருமை யாரை விட்டது? சார், ஸ்விட்சைப் போட்டால் போதும், டிஸ்க் தானாக வந்துவிடும், யாரும் ஒன்றும் அடிக்க வேண்டாம், நான் பட்டியலில் எழுதி வைத்திருக்கிறேன் என்றேன். அவர் சிரித்துக்கொண்டே, அப்படியானால் இந்த ரூமுக்கு ஆளே வேண்டாம் என்று சொல்லு என்றார். நானும் சேர்ந்து சிரித்தேன். அவள் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். அவள் சிரிக்கவில்லை. இதெல்லாம் அப்புறம் யோசிக்கும்போது ஞாபகம் வருகிறதே தவிர, அப்போது உறைக்கவில்லை.

பூஜைக்கு முந்தின நாள் அரைநாள் வேலை பார்த்துவிட்டு மத்தியானம் கிளம்பினேன். அவள் காலையிலேயே வீட்டிலிருந்து எனக்கென்று புளிசோறு கட்டிக்கொண்டு வந்திருந்தாள். வாழையிலையில், மேலே வேர்க்கடலை தூவி. பஸ்ஸில் வெளியே வாங்கித் தின்று வயிற்றைக் கெடுத்துக்கொள்ளாதே என்று சொல்லிக் கையில் திணித்தாள். கேட் வரைக்கும் வந்து வழியனுப்பினாள். செங்கல்பட்டு தாண்டியதும் இலையைப் பிரித்தேன். மணி மூன்றரை, மூன்றேமுக்கால் இருக்கும்.

ஒரு வாரம் கழித்துத் திரும்பி வந்தேன். வேனில் ஏறியதிலிருந்தே யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. கண்ணாடி ரூமில் சர்வர் பெட்டியின் நெற்றியில் மூன்று சந்தனக் கோடு, நடுவில் குங்குமம், ஸ்விட்ச் மேல் காய்ந்துபோன ஒரு சாமந்தி. நான் உட்காருவதற்குள் இன்சார்ஜ் கூப்பிட்டார்.

அவர் சொன்னது இதுதான். விஜயதசமிக்கு மறுநாள் நான் சொன்னபடியே ஸ்விட்சைப் போட்டிருக்கிறார்கள், லைனும் ஓடியிருக்கிறது. மூன்று நாள் கழித்து, கார் கம்பெனியிலிருந்து ஆடிட்டர் வந்து பழைய ரெக்கார்டு ஒன்றைக் கேட்டிருக்கிறார். ஃபோல்டரைத் திறந்தால், மூன்று நாள் ரெக்கார்டைத் தவிர வேறு ஒன்றுமே இல்லை. வருஷக்கணக்கான ரெக்கார்டு காணோம். மேனேஜர் வெளிறிப்போய் நிற்கிறார். அப்போது அவள் வந்து, எல்லோர் முன்னாலும், ஒரே ஒரு கட்டளையை அடித்துப் பழையதை எல்லாம் கொண்டுவந்துவிட்டாள். ஆடிட்டரே பாராட்டினாராம். ஆனால் பழையது வந்ததும் அந்த மூன்று நாள் ரெக்கார்டைக் காணவில்லை. அது நான் தெரியாத வேலையைத் தெரிந்ததாக நினைத்து எழுதி வைத்த வினை என்று முடிவாகியிருந்தது. பர்மனென்ட் ஆர்டர் அவளுக்குப் போய்விட்டது. நேற்றுத்தான் கையெழுத்தாம்.

எனக்குக் காதில் எதுவும் விழவில்லை. என் வரி எப்படிப் பொய்த்தது என்று மட்டும்தான் மண்டைக்குள் ஓடியது. நான்கைந்து தடவை எழுந்த மெஷின் ஐந்தாறாவது தடவை ஏன் எழவில்லை? நேராகப் போய் அந்தக் கோப்பைத் திறந்தேன். என் வரி அப்படியே இருந்தது. ஆறு கட்டமும் ஒழுங்காக இருந்தது. ஆனால் வரிக்கு முன்னால் ஒரு ஹேஷ். டெலிபோனில் சைபருக்குப் பக்கத்தில் இருக்குமே, இரண்டு நெடுக்குக் கோடும் இரண்டு குறுக்குக் கோடும், அதுதான். அந்தக் கோப்பில் ஒரு வரிக்கு முன்னால் ஹேஷ் இருந்தால், மெஷின் அந்த வரியைப் படிக்காமல் தாண்டிப் போய்விடும். வரி கண்ணுக்குத் தெரியும், ஆனால் கணக்கில் இல்லை.

கோப்பைக் கடைசியாகத் திருத்திய நேரத்தைக் கேட்டேன். அந்த மெஷின் அதை மறைக்காது. பூஜைக்கு முந்தின நாள், மத்தியானம் மூன்று நாற்பது. அந்த நேரத்தில் நான் பஸ்ஸில் அவள் கட்டிக்கொடுத்த புளிசோற்றைத் தின்றுகொண்டிருந்தேன்.

அழுகை வரவில்லை. ஒன்று எனக்குத் தெரிந்திருந்தது, அவளுக்குத் தெரியாது. காணாமல் போன மூன்று நாள் எங்கே இருக்கிறது என்று. டிஸ்க் சேராத ஃபோல்டரில் மெஷின் மூன்று நாள் ரெக்கார்டை எழுதியிருக்கிறது. அப்புறம் அதற்கு மேலே இவள் டிஸ்க்கைக் கொண்டுவந்து வைத்திருக்கிறாள். என் டிரங்குப் பெட்டியில் நியூஸ்பேப்பருக்கு அடியில் கடிதம் கிடப்பது மாதிரி, அடியில் அது பத்திரமாகக் கிடக்கும். சாப்பாட்டு நேரத்தில் லைன் நின்றதும் டிஸ்க்கைக் கழற்றினேன். இருந்தது. மூன்று நாளும், ஒரு பைப் விடாமல். வேறொரு இடத்தில் எடுத்து வைத்துவிட்டு, ஹேஷையும் அழித்துவிட்டு, டிஸ்க்கைச் சேர்த்து, அவற்றை உரிய இடத்தில் கொண்டுபோய்ப் போட்டேன். அரைமணி வேலை. பிறகு அவளைத் தேடிக்கொண்டு போனேன்.

கேன்டீனுக்குப் பின்னால் கை கழுவுகிற குழாயடியில் டிபன் பாக்ஸைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அந்த ஹேஷ் நீ போட்டதுதானே என்று கேட்டேன். ஏதாவது பொய் சொல்லுவாள், நானும் நம்பிவிடலாம் என்று உள்ளுக்குள் ஒரு ஆசை இருந்தது. அவள் ஆமாம் என்றாள்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல" என்றேன்.

"சொல்லியிருந்தா நீ ஒத்துக்கினு இருப்பியா?" என்றாள். "அது தானா எந்திரிச்சிக்கினா அப்பால நாம இன்னாத்துக்குடி? அந்தாளு சிரிச்சிகினே சொன்னாரே, உனுக்குப் புரியவே இல்ல. இன்னும் ஒரு வாரம் போயிருந்தா அந்த ஒரு போஸ்ட்டும் பூட்டிருக்கும்."

அப்படியே இருக்கட்டும், இரண்டு பேருமாக உட்கார்ந்து யோசித்திருக்கலாமே, என் பெயரைக் கெடுத்துத்தான் ஆக வேண்டுமா என்று கேட்டேன். அவள் குழாயை மூடிவிட்டு கேன்டீன் சுவரைப் பார்த்தாள்.

"எங்க நெலத்துல எங்க வூட்டாளு ஒருத்தராவது நிக்கணும்டி. உனுக்குத் திரும்பிப் போறதுக்கு ஒரு ஊரு கீது. எனுக்கு இந்த கேட்டுக்கு உள்ளதான் ஊரு."

அதுதான் என்னை அறுத்தது. ஹேஷ் போட்டதைக்கூட என்றைக்காவது மன்னித்திருப்பேனோ என்னவோ. நான் திரும்பிப் போகப்போவது எதற்கு என்று இந்த உலகத்தில் தெரிந்த ஒரே ஆள் அவள். அம்மாவின் கடிதங்களைப் படித்தவள். அதை ஊர் என்று சொல்லி என் கையில் கொடுத்தாள், புளிசோற்றைக் கொடுத்தது போலவே. நீ நாசமாகப் போவாய் என்று வாய்வரைக்கும் வந்தது. சொல்லவில்லை. சொல்லாமல் வந்ததற்கு இப்போதும் வருத்தம் உண்டு.

இன்சார்ஜிடம் போய் எல்லாவற்றையும் காட்டினேன். ஹேஷ், நேரம், மீட்ட மூன்று நாள் ரெக்கார்டு. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு ரொம்ப நேரம் திரையைப் பார்த்தார். ரெக்கார்டு கிடைத்தது நல்லதாகப் போயிற்று என்றார். அப்புறம், ஆர்டரில் கையெழுத்தாகிவிட்டது, இந்த ஒரு குறியைக் காட்டி நான் மேனேஜரிடம் போய் என்னவென்று சொல்வேன், ஏதோ இரண்டு பெண்பிள்ளைகள் சண்டை என்றுதான் நினைப்பார் என்றார். அவர் சொன்னதில் பொய் இல்லை. அதனால்தான் இன்னும் எரிந்தது.

என் ட்ரெய்னி காலம் பொங்கலோடு முடிகிறது. அந்த மூன்று மாதமும் ஒரே ரூமில், ஒரே சர்வருக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்திருந்தோம். வேலைக்கு வேண்டியதைத் தவிர ஒரு வார்த்தை பேசவில்லை. டிபன் பாக்ஸ் தனித்தனியாக. ஒருநாள் அவள் கொழுக்கட்டை கொண்டுவந்து என் பக்கம் தள்ளி வைத்தாள். சாயங்காலம் வரைக்கும் அது அங்கேயே இருந்தது, அப்புறம் அவளே எடுத்துக்கொண்டு போனாள்.

கடைசி நாள். அவள் ஸ்டோருக்குப் பேப்பர் வாங்கப் போயிருந்தாள். நான் கடைசியாக ஒருமுறை அந்தக் கோப்பைத் திறந்து பார்த்தேன். நான் அழித்த ஹேஷ் திரும்பவும் வந்து உட்கார்ந்திருந்தது. அதே இடத்தில். சரிதான், அவளுக்கு அது வேண்டும். என்றைக்காவது சர்வர் விழுந்தால் அவளைத் தேட வேண்டும், அவள் வந்து உட்கார்ந்து அடிக்க வேண்டும். பாஸ்வேர்டை அவள் மாற்றியிருக்கவில்லை. என் ஊரும் அவள் ஊரும் பாதிப் பாதி அப்படியே இருந்தது. நான் எதுவும் செய்யமாட்டேன் என்று நம்பியிருக்கிறாள். இல்லை, மாற்றத் தோன்றவில்லையோ என்னவோ.

கர்சரை ஹேஷ் மேல் கொண்டுபோய் வைத்து ஒரு கீயைத் தட்டினேன். போய்விட்டது. சேமித்தேன். என் வரியை நான் சரியாக வைத்துவிட்டுப் போகிறேன், அவ்வளவுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வேலை தெரிந்த எவரும் அதைத்தான் செய்வார்கள். வேனில் ஏறிக் குன்றத்தூர் வந்து சேருவதற்குள் அந்தச் சமாதானம் தேய்ந்துபோயிருந்தது. எதற்காகத் தட்டினேன் என்று எனக்குத் தெரியும். இருந்தும் திரும்பிப் போகவில்லை.

ஊருக்கு வந்து நான்கு மாதம் தீப்பெட்டி ஆபீஸ்தான். பெட்டி ஒட்டினேன். அப்புறம் சாத்தூரில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற வேலை கிடைத்தது. வேனில் கூட வருகிற ஒரு அக்காவுக்கு மட்டும் சென்டர் நம்பரைக் கொடுத்துக் கடிதம் போட்டிருந்தேன்.

அடுத்த ஆயுத பூஜை முடிந்து பத்து நாள் இருக்கும். அந்த அக்கா ஃபோன் பண்ணினாள். வழக்கம்போல சர்வரை அணைத்துப் பூஜை போட்டிருக்கிறார்கள். திரும்பப் போடுகிற அன்றைக்கு மேனேஜரும் இன்சார்ஜும் வந்து நின்றிருக்கிறார்கள், போன வருஷக் குழப்பம் திரும்ப வரக் கூடாது என்று. அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவதற்குள்ளேயே ரெக்கார்டு எல்லாம் திரையில் வந்து நின்றுவிட்டதாம். நீ ஒன்றுமே அடிக்கவில்லையே என்று மேனேஜர் கேட்டாராம். அடுத்த வாரமே அவளைப் பேக்கிங்குக்கு மாற்றிவிட்டார்கள். பர்மனென்ட் என்பதால் வீட்டுக்கு அனுப்ப முடியாது. நாள் முழுக்க நின்றுகொண்டு அட்டைப்பெட்டி கட்டுகிற வேலை. கண்ணாடி ரூமைப் பூட்டிச் சாவியை இன்சார்ஜே வைத்துக்கொண்டார். சொல்லிவிட்டு அக்கா, இரு, உன்னிடம் பேச வேண்டும் என்கிறாள் என்று ஃபோனைக் கைமாற்றினாள்.

எனக்குப் பின்னால் எட்டுப் பிள்ளைகள் டைப் அடித்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பக்கம் ரோட்டில் லாரி போகிற சத்தம் கேட்டது.

"எடுத்துட்ட இல்ல?" என்றாள்.

ஆமாம் என்றேன். அவளும் அன்றைக்குப் பொய் சொல்லவில்லையே.

அட்டைப்பெட்டி கட்டுகிற நைலான் பட்டை விரலை வெட்டும் என்று எனக்குத் தெரியும், லைனில் எல்லோரும் சொல்வார்கள். அவள் விரலில் துணி சுற்றியிருப்பாள் என்று நினைத்தேன். அம்மா விரலில் சுற்றியிருப்பது போல.

"என்னாண்ட ஒரு வார்த்த சொல்லிட்டுப் போயிருக்கலாம் இல்ல" என்றாள்.

பதில் என்னிடம் தயாராக இருந்தது. அவளே எனக்குக் கொடுத்த பதில்தான், குழாயடியில் வைத்து. சொல்லியிருந்தால் நீ ஒத்துக்கொண்டிருப்பாயா? ஒரு வருஷமாக அதைத் திருப்பிக் கொடுக்கத்தான் காத்துக்கொண்டிருந்தேன். வாய் வரவில்லை. அவள் இன்னும் ஏதோ சொல்லப் போவது போல மூச்சு இழுக்கிற சத்தம் கேட்டது. கேட்டிருக்கலாம். ஃபோனை முதலில் வைத்தது நான்தான்.